கூரையில் நின்ற தண்ணீர்

மழை வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. திறப்பு விழா நாளில் மழை பெய்தால் வேறு எந்தக் கட்டடத்திலும் கூடாரம் போட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே நிலைமை வேறு. இந்தக் கிடங்கின் பெருமைகளில் ஒன்றே மழைநீர்தான். நான்கைந்து விளையாட்டு மைதானங்களை ஒன்றாகப் போட்டது போன்ற கூரையில் விழுகிற மழை மொத்தமும் குழாய் வழியாக இறங்கி, முன்வாசலுக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டிக்கு வரும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் தீயணைப்புக்கும் அந்தத் தண்ணீர் போதும். இதை நிறுவனத்தின் தலைவருக்குக் காட்டுவதற்காகத் தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்து, சுற்றிக் கம்பி கட்டி, உள்ளே ஒரு விளக்கையும் தொங்கவிட்டிருந்தார்கள். காலியான தொட்டியை எட்டிப் பார்க்கச் சொல்லித் தலைவரை எப்படிக் கூப்பிடுவது என்று காலையிலிருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களுக்கு, சொல்லிவைத்தாற்போல மழை கொட்டியது.

“மேடம், மழைக்கும் நீங்கதான் தேதி குடுத்தீங்களா?” என்று குடைக்குள்ளிருந்து சிரித்தார் அவசரம்.

அவசரம் என்பது அவர் பெயர் இல்லை. ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கும் அந்தச் சில்லறை நிறுவனத்தின் திட்ட மேலாளர் அவர். தரைக்குக் கான்கிரீட் ஊற்றினால் மறுநாளே அதன் மேல் வண்டி ஓட்டலாமா என்று கேட்பார். வேலையிடம் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான் வழங்கியது, அவருக்கு மட்டும் தெரியாது. அவர் மேடம் என்று கூப்பிட்டவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அது அவளுக்குத் தெரியும். கிடங்கை வடிவமைத்தவள் என்பதால் நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் ‘மிச்சம்’. இரும்பு மிச்சம், மின்சாரம் மிச்சம், தண்ணீர் மிச்சம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னால் பிறகு என்ன பெயர் வைப்பார்கள். இந்த அளவுக் கிடங்குக்கு மற்றவர்கள் போடுகிற இரும்பில் மூன்றில் இரண்டு பங்குதான் அவள் போட்டாள். இரும்பை உருக்கும் புகையில் அத்தனை மிச்சம் என்று படம் போட்டுக் காட்டியபோது நிறுவனத்தின் பொறியாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் விடவில்லை. ஒவ்வொரு உத்திரத்துக்கும் கணக்குச் சொன்னாள். கடைசியில் தலைவரே, இந்த ஒன்று சரியாக வந்தால் இனிக் கட்டும் எல்லாக் கிடங்கும் இதே அச்சில்தான் என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போன அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்தத் தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய குழாயின் வாயிலிருந்து ஒரு கயிற்றின் தடிமனுக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது பார்க்க நன்றாகவே இருந்தது. யாரோ கை தட்டினார்கள், கூட நின்றவர்களும் தட்டினார்கள். அவளும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை அப்படியே நிறுத்தினாள்.

கூரையிலிருந்து இறங்கி இதில் வந்து சேரும் குழாய்கள் சாதாரணக் குழாய்கள் இல்லை. ஒல்லியானவை, அதிலும் அவளுக்கு மிச்சம். மழை வலுத்தால் வாய் நிறைய ஓடி, கூரையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும்படி அமைத்தவை. சோதித்துப் பார்த்த நாளில் லாரித் தண்ணீரைக் கொட்டியபோதே பக்கத்தில் நின்று பேச முடியாத இரைச்சல். இன்று வானமே பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது, குழாயோ வீட்டுக் குழாயைப் போலச் சளசளக்கிறது. குடையின் மேல் விழும் மழையின் கனம் கைக்குத் தெரிந்தது. இவ்வளவு மழையும் இங்கே வரவில்லை என்றால் அது எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, பெய்த இடத்திலேயேதான் இருக்கிறது.

கூட்டத்திலிருந்து நான்கு எட்டு விலகி வந்து தம்பிக்குப் போன் போட்டாள். கூரைக்கு வெள்ளை விரிப்பு ஒட்டி, நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் அவளுடைய சொந்தத் தம்பிக்குத்தான். அக்கா என்பதால் கிடைத்தது என்று பேச்சு வரக் கூடாதென்று மற்றவர்களிடம் பார்ப்பதைவிட அவனிடம் இரண்டு மடங்கு குறை கண்டுபிடித்தாள். வேலையிடத்தில் அவனுக்கு ஒழுகல் என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டால் வருகிற வேலையும் ஓடிப்போகும் என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள், அவனுக்குச் சிரிப்புத்தான்.

“டேய், கூரையில தண்ணி இறங்கற துளைங்கள்ல திருகற ரப்பர் மூடி போட்டியே, அதை எப்ப எடுத்தே?”

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “நான் எடுக்கலையே அக்கா.”

“எடுக்கலையா?”

“நீதானே அடைக்கச் சொன்னே. சோலார்காரங்க துளை போடறப்ப இரும்புத்தூள் குழாய்க்குள்ள போயிடும், வேலை முடியற வரைக்கும் அடைச்சு வைன்னு. அவங்க முடிச்சதும் எடுன்னு நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.” குரல் இறங்கக் கேட்டான். “நீ சொல்லலையே அக்கா?”

சொல்லவில்லை. மற்ற ஒப்பந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் ஒரு ஆணியைப் பிடுங்குவதானாலும் எழுத்தில்தான் அனுப்புவாள், பதிலையும் எழுத்தில் வாங்குவாள். தம்பிக்கு மட்டும் வாய்வார்த்தை. அம்மாவின் முட்டிவலிக்கு எந்த மருத்துவரிடம் போவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், அந்தத் துளைகளை அடைத்துவிடு என்று சொன்னாள். அவனும் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி முட்டிக்கு வந்தான். சோலார் வேலை கடைசியாக முடிந்தது முன்பக்கக் கூரையில், அதுவும் முந்தாநாள். அதன் பிறகு பசுமைக் கட்டடச் சான்றிதழ் தருகிறவர்கள் வந்தார்கள், கதவு ஓரத்தில் காற்றுக் கசிகிறது என்றார்கள், அவள் அதன் பின்னால் ஓடினாள். கூடப் பிறந்தவனிடம் எதையும் ஒருமுறை சொன்னால் போதும் என்று அவள் இருந்தாள். அக்கா மறக்க மாட்டாள் என்று அவன் இருந்தான்.

தொட்டியில் விழுந்தது மூடிகளின் ஓரத்தில் கசிந்ததுதான். நிமிர்ந்து முன்சுவரைப் பார்த்தாள். துளைகள் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யோசிக்காமலா கூரை போடுவார்கள். கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன வாய்கள் விட்டிருந்தாள், தண்ணீர் கணுக்கால் உயரம் ஏறினால் அந்த வழியாக வெளியே விழுந்துவிடும். அந்த வாய்கள் இப்போது கண்ணில் படவில்லை. சுவரின் நீளத்துக்கும் நிறுவனத்தின் பெயர்ப்பலகை நின்றது, விளிம்பெல்லாம் பசை பூசி, இரும்புச் சட்டத்தில் முடுக்கி. நேற்றுக் காலை அதை ஏற்றும்போதே பார்த்தாள். வாய்களை மறைக்கிறதே என்று மனதில் பட்டது. விழா முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அதையும் இப்போதுதான் நினைத்துக்கொண்டாள்.

“கயிறு, இடுப்புப் பட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு முன்பக்கம் வா,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே மழையே இல்லை. வெயிலும் சத்தமும் இறங்கக் கூடாது என்று அவள்தான் கூரைத் தகட்டுக்கு மேல் அத்தனை தடிமனாகக் காப்புப் பலகை போட்டிருந்தாள். வெளியே உலகம் முழுகுவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. முன்சுவர் நெடுகச் சரக்கேற்றும் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு லாரி பின்பக்கத்தைக் கொடுத்து நின்றது. சோப்பு, பிஸ்கட், குழந்தைகளின் டயப்பர், எண்ணெய் டின் எல்லாம் பெட்டி பெட்டியாக உருண்டுகொண்டிருந்தன. தலைவர் ரிப்பனை வெட்டியதும் முதல் வண்டி கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் நாள் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் எல்லோரும் நின்றது கூரையின் தாழ்ந்த பக்கத்துக்கு நேர்கீழே.

பையிலிருந்து ஒளி அளவுக்கருவியை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அது. தரையில் வைத்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று மேலே போய் உத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு உயரம் என்று எண்ணைக் காட்டும். கட்டடத்தை ஒப்படைக்கும்போது எல்லா உத்திரங்களையும் இப்படித்தான் அளந்தாள், அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம். இப்போது நடு உத்திரம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. தப்பாக வைத்துவிட்டோமோ என்று நகர்த்தி வைத்து மறுபடி அழுத்தினாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

தண்ணீர் நின்றால் கூரை தாழும். தாழ்ந்தால் அந்தப் பள்ளத்துக்கு இன்னும் தண்ணீர் வரும், வந்தால் இன்னும் தாழும். இரும்பு தடியாக இருந்தால் ஒரு கட்டத்தில் இது போதும் என்று நின்றுவிடும். அவள் போட்ட இரும்பு எங்கே நிற்கும் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை, ஏனென்றால் அவ்வளவு தண்ணீர் அங்கே நிற்கவே போவதில்லை என்பதுதான் கணக்கின் முதல் வரி.

அவசரம் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். “மேடம், தலைவர் உங்களைத் தேடறாரு. நீங்க இங்க வந்து என்னத்தை அளந்துக்கிட்டு இருக்கீங்க?”

“சார், எல்லாரையும் வெளிய அனுப்புங்க. உடனே.”

“எதுக்கு?”

“கூரையில தண்ணி நிக்குது.”

“நின்னா வடியும். மழைன்னா நிக்கத்தானே செய்யும்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரிப்பன் வெட்டிடட்டும். முதல் வண்டி போயிடட்டும். அப்புறம் தேநீர் இடைவேளைன்னு சொல்லி நைசா எல்லாரையும் வெளிய கூப்பிட்டுக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்காக எல்லோரிடமும் திட்டு வாங்கியவர். அவர் சொன்னதில் அவளுக்கு ஒரு நிமிடம் ஆசை வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். தேநீர் இடைவேளை. யாருக்கும் தெரியாது. மழையும் விட்டுவிடலாம். ஆனால் கருவியில் எண் மறுபடி நகர்ந்தது. இத்தனை வருஷம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, தாங்கும் தாங்கும் என்று தொண்டை வற்றச் சொன்ன வாயாலேயே இப்போது சொன்னாள்.

“என் கூரை தாங்காது சார்.”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சரக்குப் பொறுப்பாளர் காதில் அது விழுந்துவிட்டது. நெட்டையான பெண், கழுத்தில் விசில் தொங்கியது. அவசரத்தின் முகத்தைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினாள், ஊதிக்கொண்டே கையை வீசினாள். முதலில் சிலர் சிரித்தார்கள். தீயணைப்பு ஒத்திகை என்று நினைத்து ஒருவர் தேநீர்க் குவளையோடு நிதானமாக நடந்தார். “கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடுங்க, விளையாட்டு இல்ல,” என்று பொறுப்பாளர் போட்ட சத்தத்தில் அதன் பிறகு யாரும் நடக்கவில்லை.

வெளியே எல்லோரும் எதிர்ப்புறம் வேலிக்கருகில் நனைந்துகொண்டு நின்றார்கள். லாரிகளை முன்னே இழுத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, சாலையெல்லாம் தண்ணீர், வர நேரமாகும் என்றார்கள். பலகையை அறுத்து இறக்கலாம் என்று அவசரம் ஆள் அனுப்பியிருந்தார். அதை மாட்டியவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள், இந்த மழையில் மின்கருவியைக் கையில் எடுக்க வேறு யாரும் தயாராக இல்லை. தலைவர் தானே குடை பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“விழுமா?”

“தெரியலை சார். இவ்வளவு தண்ணிக்கு நான் கட்டலை.”

“தண்ணி ஏன் நிக்குது?”

“துளையெல்லாம் அடைச்சிருக்கு.”

“யாரு அடைச்சது?”

பின்னால் தம்பி வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் ஓடிவந்த மூச்சு இரைத்தது. “நான்தான் அடைக்கச் சொன்னேன்,” என்றாள். தலைவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தம்பி ஏற்கெனவே இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டிருந்தான். கூரைக்கு ஏறும் இரும்பு ஏணி கட்டடத்தின் பக்கச் சுவரில் இருந்தது. கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நடந்தவனை வழியில் மறித்தாள்.

“எங்கடா போறே?”

“எடுக்கத்தான். மூணு மூடிதானே.”

“வேணாம். ஆளுங்க வெளிய வந்தாச்சு. விழுந்தா விழட்டும்.”

“விழுந்தா?” அவன் அவளையே பார்த்தான். “நீ அப்புறம் எந்திரிப்பியா அக்கா?”

கூரை விழுந்தால் இந்தக் கிடங்கோடு போகாது. இரும்பை மிச்சம் பிடித்தாள், அதுதான் விழுந்தது என்பார்கள். மூடியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள். இதைப் போல இன்னொன்று கட்ட யாரும் அவளை விட மாட்டார்கள், அவளைப் பார்த்துக் கட்ட நினைத்தவர்களும் பழையபடி இரும்பைக் கொட்டுவார்கள். இதையெல்லாம் அவன் கூரை ஒட்டிக்கொண்டே கேட்டிருக்கிறான் போலிருக்கிறது. இரண்டு மடங்கு குறை சொன்ன நாட்களில் இவன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதை நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

“அம்மா கேட்டா நான் என்னடா சொல்றது?”

“ஒழுகல் அடைக்கப் போயிருக்கான்னு சொல்லு,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. “கயிறைச் சுவர்க் கம்பத்துல கட்டிக்கிறேன். மூடி எங்க இருக்குன்னு தண்ணிக்குள்ள கண்ணை மூடிக்கிட்டுக்கூட எடுப்பேன். கூரை எவ்வளவு தாங்கும்னு நீ சொல்லு. இறங்குன்னு சொன்னா இறங்கிடறேன்.”

“உத்திரம் தாழுதான்னு நான் அளந்துக்கிட்டே இருக்கணும். போனைக் காதுலயே வெச்சிரு.”

“எங்க நின்னு அளப்பே?”

“வாசல்லயே நின்னு பார்க்கலாம்,” என்றாள்.

வாசலில் நின்று நடு உத்திரத்தை அளக்க முடியாது. புள்ளி நேர்மேலே போனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அவன் ஏணியில் பாதி ஏறும் வரைக்கும் காத்திருந்து, கூப்பிட்ட அவசரத்தின் குரலைக் காதில் வாங்காமல் கதவு வழியாக உள்ளே நுழைந்தாள்.

கிடங்கு இருட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடமாடினால் மட்டும் எரியும் விளக்குகள் அவை. அசைவு இல்லையென்றால் சற்று நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். எல்லோரும் ஓடிப்போன பிறகு அடுக்கு வரிசைகளில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்து, அவள் கால் வைத்த இடத்தில் மட்டும் ஒன்று எரிந்தது. நடந்தாள், அடுத்தது எரிந்தது. கூரையில் இடையிடையே வெளிச்சம் இறங்கப் பதித்திருந்த ஒளிப்பலகைகள் மேகத்தின் நிறத்தில் மங்கிக் கிடந்தன. பாதியில் விட்ட பெட்டிகளின் நடுவில் கருவியைத் தரையில் வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணைப் பார்த்தாள். ஐந்து விரல்.

“மேல வந்துட்டேன்,” என்றான் தம்பி. மழை அவன் குரலை அடித்துக்கொண்டு போனது. “அக்கா, இது குளம். கெண்டைக்கால் வரைக்கும் இருக்கு.”

“நடுவுல நடக்காதே. சோலார் கால் ஊனியிருக்கற கோட்டுலயே போ. அதுக்குக் கீழதான் உத்திரம்.”

“தெரியும்.”

முதல் மூடிக்கு அவன் போய்ச் சேரும் வரைக்கும் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. அவன் மூச்சுவிடும் சத்தம், தண்ணீரைக் காலால் தள்ளும் சத்தம். திருகைத் தளர்த்துகிறேன் என்றான். அப்புறம் ஒரு பெரிய உறுமல் போனிலும் சுவரோரக் குழாயிலும் ஒரே நேரத்தில் கேட்டது. “வந்துடுச்சு. கையையே உள்ள இழுக்குது சனியன்,” என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது. எண் ஒரு தடவை துள்ளி, அதே இடத்துக்கு வந்து நின்றது.

அவன் நகர நகர, அதற்கு நேர்கீழே அவளும் கருவியோடு நகர்ந்தாள். இரண்டாவதும் வந்தது. இரண்டு குழாயும் இரைந்தன, ஆனால் மழையும் இரைந்தது. வடிகிற அளவுக்குப் பெய்துகொண்டிருந்தது. எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாவது மூடி நடுவில், பள்ளம் ஆழமான இடத்தில். அதற்கு நேர்கீழே கருவியைக் கொண்டுபோய் வைத்து நிமிர்ந்தபோது, தலைக்கு மேல் எங்கோ இரும்பு டக்கென்று ஒரு சத்தம் போட்டது. சிறிய சத்தம்தான். அதன் பிறகு ஆறு விரல்.

“டேய், இறங்கு.”

“இன்னும் ஒண்ணுதான்.”

“இறங்குன்னா இறங்கறேன்னு சொன்னியா இல்லையா? இறங்குடா.”

ஒளிப்பலகையில் அவன் உருவம் தெரிந்தது, சாம்பல் நிறத்தில், விளிம்பே இல்லாமல். அது நகராமல் நின்றது.

“அக்கா, நீ எங்க நிக்கிறே?”

“வாசல்ல.”

“பொய் சொல்லாத. எனக்குக் கீழ விளக்கு எரியுது. முதல்லயிருந்தே பார்க்கறேன், நான் நடக்க நடக்கக் கூடவே எரிஞ்சுக்கிட்டு வருது.” அவன் குரல் உடைந்தது. “வெளிய போ.”

“நீ இறங்கு, நான் போறேன்.”

“நான் இறங்கினா இது விழும். உனக்கே தெரியும். இதை எடுத்துட்டா நிக்கும். நீ கீழ நிக்கறப்ப நான் கை வைக்க மாட்டேன். போ அக்கா. போனாத்தான் எடுப்பேன்.”

மழை ஊற்றிக்கொண்டே இருந்தது. அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது திறந்தால் தண்ணீர் இறங்கும், கூரை நிற்கும். திறக்கும் அந்த நேரத்துக்குள் உத்திரம் முறிய ஆரம்பித்தால் அதை அவனுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடியது இந்த ஒரு எண்தான், இதைப் பார்க்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் அவன் மேலே கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் போல. அவள் இருந்தால் அவன் குனிய மாட்டான். பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

“சரி. போறேன்,” என்றாள்.

போகவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். கண்ணை மட்டும் கீழே இறக்கி எண்ணைப் பார்த்தபடி, கழுத்தைத் திருப்பாமல், காதில் வைத்த போன் நகராமல் நின்றாள். நனைந்த முடியிலிருந்து ஒரு சொட்டு மூக்கின் மேல் இறங்கியது, துடைக்கவில்லை. அசைவு இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று அவள்தான் குறைத்து வைத்திருந்தாள், அப்போதுகூட அதிகம் என்று பட்ட அந்த நேரம் இப்போது முடியவே மாட்டேன் என்றது.

விளக்கு அணைந்தது.

“போயிட்டியா?” என்றான் மேலே.

“ம். வாசலுக்கு வந்துட்டேன்.”

“அங்கயே இரு. எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லு.”

ஒளிப்பலகையில் அந்தச் சாம்பல் உருவம் மெல்லக் குனிந்து சிறியதாயிற்று. திருகு சுற்றும் சத்தம் போனில் வந்தது. இரும்பு மறுபடி ஒருமுறை டக்கென்றது, அவள் இமையைக்கூட மூடவில்லை. சுற்றிலும் இருட்டு. தலைக்கு மேலே, தம்பிக்கும் அவளுக்கும் நடுவில், உத்திரத்தின் அடியில் அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.